ஜிசி நிறுத்துகிறதா, கம்பைலர் தடுக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

எந்த மொழியில் எழுதினாலும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது: இந்தத் தரவு யாருடைய கையில் இருக்கிறது, எதுவரை இருக்கும்? ரஸ்ட் கம்பைலர் இதைக் கட்டும்போதே கேட்டுவிடும், பதில் வராமல் நகரவிடாது. ஜாவா, கோ, பைத்தான் போன்றவை கேட்பதில்லை. ஆப்ஜெக்டை உருவாக்கிக்கொள், கார்பேஜ் கலெக்டர் (சுருக்கமாக ஜிசி) பின்னால் வந்து, தேவைப்படாத மெமரியைக் கூட்டிவிடும் என்கின்றன. நாம் பதில் சொல்லாவிட்டாலும் ப்ரோக்ராம் ஓடும்போது ஏதோ ஒரு பதில் தானாக அமைந்துவிடுகிறது. அது நாம் நினைத்த பதிலாக இல்லாதபோதுதான் கீழே உள்ள அறிகுறிகள் தலைகாட்டும்.

வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் எந்த ஜிசி அமைப்பையும் தொடாதீர்கள். எங்கிருந்தோ எடுத்த பத்து வரி ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராமை ஓட்டும் ரன்டைம்) ஃபிளாகுகளை அப்படியே ஒட்டும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அவற்றில் சில, ஜேடிகே (ஜாவாவின் வெளியீட்டுத் தொகுப்பு) 14-லேயே நீக்கப்பட்ட சிஎம்எஸ் என்ற பழைய கலெக்டருக்காக எழுதப்பட்டவை. முதலில் லாகை இயக்குங்கள். ஜாவா 9-க்குப் பிறகு எக்ஸ்லாக் தேர்வில் ஜிசி, சேஃப்பாயிண்ட் இரண்டையும் கொடுத்தால் போதும். கோ என்றால் கோடீபக் சூழல் மாறியில் ஜிசிட்ரேஸ் மதிப்பை 1 ஆக்குங்கள். இரண்டுமே ப்ரொடக்‌ஷனில் ஓடவிடும் அளவுக்கு இலகுவானவை.

அறிகுறி: சராசரி வேகம் நன்றாக இருக்கிறது, அவ்வப்போது சில ரிக்வெஸ்டுகள் மட்டும் தொங்குகின்றன

தொங்கிய நேரத்தையும் ஜிசி லாகின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொருந்தவில்லை என்றால் ஜிசியை விட்டுவிடலாம். டேட்டாபேஸ் லாக், கனெக்‌ஷன் பூல் தீர்ந்துபோவது, கன்டெய்னரின் சிபியூ வரம்பு இவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி ஜிசியின் தலையில் விழும் பழி: லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு 100 மில்லி விநாடிக்கும் ஒரு பங்கு ஒதுக்குகிறது, பங்கு தீர்ந்ததும் அடுத்த சுற்று வரை ப்ராசஸை நிறுத்தி வைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஜிசி நிறுத்தம் போலவே தெரியும்.

ஜிசி லாகில் நிறுத்தம் சில மில்லி விநாடிதான், ஆனால் ப்ரோக்ராம் அரை விநாடி நின்றது என்றால் சேஃப்பாயிண்ட் வரிகளைப் படியுங்கள். எல்லா த்ரெடுகளும் பாதுகாப்பான இடத்தில் வந்து நின்றால்தான் ஜேவிஎம் வேலையைத் தொடங்கும். ஒரு த்ரெட் தாமதித்தாலும் மற்ற அனைத்தும் காத்திருக்கும்.

நேரம் பொருந்துகிறதா? சரி, அடுத்தது எந்தக் கலெக்டர் ஓடுகிறது என்று பாருங்கள். ஜாவா 9 முதல் ஜி1 தான் இயல்பு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜேடிகே 17, 21 இரண்டிலும் ஒரு விலக்கு உண்டு. கன்டெய்னருக்கு இரண்டுக்குக் குறைவான சிபியூவோ, சுமார் 1,792 எம்பிக்குக் குறைவான மெமரியோ கொடுத்திருந்தால் ஜேவிஎம் சத்தமில்லாமல் சீரியல் கலெக்டரை எடுத்துக்கொள்ளும். அது ஒற்றை த்ரெடில் எல்லாவற்றையும் நிறுத்தி வேலை செய்வது. செலவைக் குறைக்கிறோம் என்று கன்டெய்னரைச் சுருக்கிய மறுநாளே தாமதம் கூடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஜி1 தான் ஓடுகிறது, லாகில் 'பாஸ் ஃபுல்' வரிகள் வருகின்றன என்றால் அது தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒன்று, ஹீப் (ஆப்ஜெக்டுகள் வாழும் மெமரி) போதவில்லை. அல்லது ஹியூமங்கஸ் ஒதுக்கீடு நடக்கிறது: ஜி1 ஹீப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்து வைக்கிறது, ஒரு பகுதியின் பாதிக்கு மேல் பெரிய ஆப்ஜெக்டைத் தனியாக நடத்துகிறது. முழுக் கோப்பையும் ஒரே பைட் வரிசையாகப் படிப்பவர்களுக்கு இது வரும். பகுதியின் அளவை 32 எம்பி வரை ஏற்றிப் பார்க்கலாம். கோப்பைத் துண்டு துண்டாகப் படிப்பது அதைவிட நல்லது.

இதெல்லாம் சரியாக இருந்தும் 200 மில்லி விநாடி நிறுத்தம் தாங்காது என்றால் இசட்ஜிசிக்கு மாறுங்கள். அந்த 200 தான் ஜி1-இன் இயல்பு இலக்கு. இசட்ஜிசி 2020-ல் ஜேடிகே 15-இல் முழு அளவில் வந்தது, தலைமுறை பிரித்துச் சேகரிக்கும் வசதி ஜேடிகே 21-இல் சேர்ந்தது. நிறுத்தம் ஒரு மில்லி விநாடிக்குள் அடங்கிவிடும். ஆனால் வேலை ப்ரோக்ராமோடு கூடவே நடப்பதால் சிபியூ கூடுதலாகச் செலவாகும், ரெஃபரன்ஸைச் சுருக்கி 4 பைட்டில் வைக்கும் வசதியும் அதில் இல்லை. ஹீப் சற்றுப் பெருக்கும், தயாராக இருங்கள்.

கோ மொழியில் கதை வேறு. 2015-ல் வந்த 1.5 பதிப்பு நிறுத்தத்தை 10 மில்லி விநாடிக்குள் கொண்டுவந்தது. 2017-ல் வந்த 1.8-க்குப் பிறகு பெரும்பாலும் 100 மைக்ரோ விநாடிக்குள்தான். அப்படியும் தாமதம் தெரிகிறதே என்றால், உதவி வேலையைத் தேடுங்கள்: மெமரியை வேகமாகக் கேட்கும் கோருட்டீன்களிடமே (கோ மொழியின் இலகுவான த்ரெடுகள்) கலெக்டர், எது உயிரோடிருக்கிறது என்று குறியிடும் வேலையைக் கொஞ்சம் செய்யச் சொல்கிறது. ப்ரொஃபைலில் ஜிசி அசிஸ்ட் என்று வருவது அதுதான்.

இன்னொரு காரணம், உயிரோடிருக்கும் தரவே ரொம்பப் பெரிதாக இருப்பது. அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம் 2020-ல் வெளிப்படையாக எழுதிய அனுபவம் இதற்குச் சரியான உதாரணம். யார் எந்தச் செய்தி வரை படித்தார்கள் என்று காட்டும் அவர்களது சர்வீஸ் கோ மொழியில் இருந்தது. கேஷில் (வேகமாக எடுக்க மெமரியிலேயே வைத்திருக்கும் தரவு) கோடிக்கணக்கான பதிவுகள். குப்பை அதிகம் சேரவேயில்லை. ஆனாலும் கோ ரன்டைம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கட்டாயமாக ஒரு சுற்று ஓட்டும், ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கேஷ் முழுவதையும் நடந்து பார்க்கும். தாமத கிராஃபில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முள் போன்ற ஏற்றம். கேஷைச் சுருக்கினால் முள் குறைந்தது, ஆனால் டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகள் கூடின. கடைசியில் அதை ரஸ்டில் எழுதினார்கள். அங்கே கேஷிலிருந்து வெளியேறும் பதிவு அந்தக் கணமே விடுவிக்கப்படும், யாரும் நடந்து பார்க்க வேண்டியதில்லை.

உங்களுக்கும் அதே முள் வந்தால் மொழி மாற்றும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். கோ மொழியில் மேப்பின் சாவியிலும் மதிப்பிலும் பாயிண்டரே இல்லையென்றால் கலெக்டர் அதன் உள்ளே நுழையாது. பதிவுகளை ஒரு பெரிய ஸ்லைஸில் வைத்து, மேப்பில் வெறும் எண் குறியீட்டை மட்டும் வையுங்கள். பதிவுக்குள்ளும் ஸ்ட்ரிங், பாயிண்டர் இல்லாமல் பார்த்துக்கொண்டால் குறியிடும் வேலை பெருமளவு குறையும்.

அறிகுறி: மெமரி ஏறிக்கொண்டே போகிறது

கிராஃபின் உச்சியைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். முழுச் சேகரிப்பு முடிந்ததும் மிஞ்சும் அளவுதான் தரை. அது சமமாக இருந்தால் கசிவு இல்லை. ரன்டைம் வாங்கிய மெமரியை இயங்குதளத்திடம் உடனே திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான். தரையே ஏறினால் யாரோ எதையோ விடாமல் பிடித்திருக்கிறார்கள்.

பிடித்திருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க ஜாவாவில் இரண்டு ஹீப் டம்ப் (அந்தக் கணத்து ஹீப்பின் நகல்) எடுங்கள், இடையில் போதிய நேரம் விட்டு. எக்லிப்ஸ் மேட் கருவியில் திறந்து, எந்த வகை பெருகியிருக்கிறது என்று ஒப்பிட்டு, அதிலிருந்து வேர் வரை போகும் பாதையைப் பின்தொடருங்கள். பாதையின் முடிவில் பெரும்பாலும் நிற்பவர்கள் பழகிய முகங்கள்தான்: வரம்பில்லாத ஸ்டாட்டிக் மேப், பதிவு செய்துவிட்டு நீக்காத லிஸனர், த்ரெட் பூலில் கிடக்கும் த்ரெட்லோக்கல். கலெக்டர் இவற்றைத் தொடாது, தொடவும் கூடாது. கைக்கு எட்டும் எதுவும் தேவையானது என்பதே அதன் ஒரே விதி. உங்களுக்கு இனித் தேவையில்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கோ மொழியில் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, யாரும் படிக்காத சேனலில் எழுதக் காத்திருந்து அப்படியே நின்றுவிட்ட கோருட்டீன்கள். பிப்ரொஃப் கருவியில் கோருட்டீன் எண்ணிக்கை சொல்லிவிடும். இரண்டு, பெரிய ஸ்ட்ரிங்கிலிருந்து வெட்டிய சிறு துண்டு. பத்து எழுத்தை வைத்துக்கொண்டு பத்து எம்பியை உயிரோடு வைத்திருப்பீர்கள். 1.18-இல் வந்த ஸ்ட்ரிங்ஸ் தொகுப்பின் குளோன் இதற்காகவே. ஜாவாவிலும் ஒரு காலத்தில் இதே வியாதி இருந்தது. ஜாவா 7-இன் இடையில் வந்த ஒரு புதுப்பிப்பில் சப்ஸ்ட்ரிங் நகலெடுக்கத் தொடங்கியதும் போயிற்று.

ரஸ்டில் மெமரி கசியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்சி (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் பாயிண்டர்) கொண்டு இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே வராது. கசிவை ரஸ்ட் பாதுகாப்பு மீறலாகக் கருதுவதில்லை. ஒரு மதிப்பை வேண்டுமென்றே மறக்கும் ஃபர்கெட் என்ற செயல்பாடு, பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்தும் அன்சேஃப் இல்லாமலே கிடைக்கிறது. தீர்வு, குழந்தையிலிருந்து பெற்றோருக்குப் போகும் இணைப்பை வீக், அதாவது எண்ணிக்கையில் சேராததாக ஆக்குவது. ஸ்விஃப்டிலும் அதே பிரச்சினை, அதே மருந்து: குளோஷருக்குள் செல்ஃபை வீக்காகப் பிடியுங்கள். பைத்தான் மட்டும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையோடு சுழற்சி தேடும் கலெக்டர் ஒன்றையும் வைத்துத் தப்பித்துக்கொள்கிறது.

அறிகுறி: கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துப்போகிறது, லாகில் ஒரு பிழையும் இல்லை

128 கூட்டல் 9. கர்னல் சிக்னல் 9 அனுப்பிக் கொன்றிருக்கிறது. ஜேவிஎம்முக்கு அவுட் ஆஃப் மெமரி எழுதக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. ஹீப்பின் உச்ச அளவைக் கன்டெய்னரின் வரம்புக்குச் சமமாக வைத்திருப்பீர்கள், பாருங்கள். த்ரெட் ஒவ்வொன்றுக்கும் ஒரு எம்பி வரை ஸ்டாக், மெட்டாஸ்பேஸ், டைரக்ட் பஃபர், கம்பைல் ஆன குறியீடு, இவை எல்லாம் ஹீப்புக்கு வெளியே. மறுபக்கம், ஒன்றுமே சொல்லாமல் விட்டால் ஜேவிஎம் கால்வாசியை மட்டும்தான் ஹீப்புக்கு எடுக்கும். மேக்ஸ்ராம்பெர்சன்டேஜை 60, 70 என்று வைத்து மீதியை அளந்து பாருங்கள்.

கோ மொழியில், அடுத்த சுற்றுக்குள் ஹீப் எத்தனை சதவீதம் வளரலாம் என்று சொல்லும் கோஜிசியின் இயல்பு மதிப்பு 100. அதாவது உயிருள்ள தரவு 400 எம்பி என்றால் அடுத்த சுற்று முடிவதற்குள் ஹீப் 800 எம்பியைத் தொடும். 1.19-க்குப் பிறகு கோமெம்லிமிட் என்ற மென்மையான வரம்பு உண்டு, அதைக் கன்டெய்னர் வரம்புக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். உயிருள்ள தரவே அந்த வரம்பை ஒட்டியிருந்தால் கலெக்டர் ஓயாமல் ஓடும். சிபியூவில் பாதிக்கு மேல் அது எடுக்காதபடி ரன்டைம் தடுத்துவைத்திருக்கிறது, ஆனால் பாதி போனாலே சர்வீஸ் படுத்துவிடும்.

அறிகுறி: சிபியூ முழுக்க ஜிசி தின்கிறது

ஹீப் சிறிது, அல்லது குப்பை உற்பத்தி அதிகம். இரண்டில் ஒன்று. நேரத்தில் 98 சதவீதம் சேகரிப்பிலேயே போய் 2 சதவீத ஹீப்கூட மீளவில்லை என்றால் ஜாவாவின் பேரலல் கலெக்டர் தானே கைவிட்டுப் பிழை எறியும்.

மெமரியும் வேகமும் இங்கே நேரடிப் பண்டமாற்று. மேத்யூ ஹெர்ட்ஸும் எமரி பெர்ஜரும் 2005-ல் இதை அளந்தார்கள்: கைமுறையாக விடுவிக்கும் ப்ரோக்ராமுக்குத் தேவையானதைப்போல ஐந்து மடங்கு மெமரி கொடுத்தால் ஜிசி அதற்கு இணையாக ஓடுகிறது. மூன்று மடங்கில் 17 சதவீதம் மெதுவாகிறது, இரண்டு மடங்கில் 70 சதவீதம். எண்கள் அந்தக் காலத்துக் கலெக்டர்களுடையவை, ஆனால் வளைவின் வடிவம் இன்றும் அப்படியே. ஆகவே முதல் மருந்து ஹீப்பைப் பெரிதாக்குவது. ஜாவாவில் 32 ஜிபியைக் கொஞ்சம் தாண்டி நிறுத்தாதீர்கள், அங்கே ரெஃபரன்ஸ்கள் 8 பைட்டாகி, கொடுத்த இடத்தையே விழுங்கிவிடும். அது போதவில்லை என்றால்தான் அலோகேஷன் ப்ரொஃபைல் எடுத்து, லூப்புக்குள் உருவாகும் தற்காலிக ஆப்ஜெக்டுகளைத் தேட வேண்டும்.

அறிகுறி: கம்பைலர் விடமாட்டேன் என்கிறது

இனி மறுபக்கம். ரஸ்டுக்கு வந்தவர்கள் முதல் மாதம் முழுக்க இங்கேதான் நிற்பார்கள். பிழை எண்ணைப் பாருங்கள், ரஸ்ட்சியின் எக்ஸ்ப்ளெயின் தேர்வுக்கு அதைக் கொடுத்தால் நீண்ட விளக்கம் வரும். நான்கைந்து எண்களிலேயே பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

ஈ0382: கைமாறிப்போன மதிப்பை மறுபடி பயன்படுத்துகிறீர்கள். செயல்பாட்டுக்குக் கடனாக (சொந்தம் மாறாமல், ரெஃபரன்ஸாக) கொடுத்தால் போதுமா என்று பாருங்கள். இல்லையா, குளோன் செய்யுங்கள். குளோன் என்றாலே பாவம் என்று ஒரு எண்ணம் ரஸ்ட் வட்டாரத்தில் உலவுகிறது. சிறிய ஸ்ட்ரிங்கை நகலெடுப்பதால் எதுவும் கெட்டுவிடாது. ப்ரொஃபைலில் தெரிந்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈ0502: ஒருவர் படிக்கக் கடன் வாங்கியிருக்கும்போதே இன்னொருவர் மாற்றப் பார்க்கிறார். வெக்டரின் முதல் உறுப்புக்கு ரெஃபரன்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அதே வெக்டரில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பது இதன் பாடப்புத்தக வடிவம். கம்பைலர் வீம்பு பிடிப்பதாகத் தோன்றும். ஆனால் இடம் போதாமல் வெக்டர் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தால் உங்கள் ரெஃபரன்ஸ் காலி மனையைக் காட்டிக்கொண்டிருக்கும். சி++ கம்பைலர் இதையே அனுமதித்துவிடும், என்றோ ஒருநாள் வெடிக்கும். ஜாவாவில் லிஸ்டைச் சுற்றிவரும்போதே அதிலிருந்து நீக்கிப் பாருங்கள்: கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன். அதுவும் முடிந்தால் கண்டுபிடித்துச் சொல்லும், உத்தரவாதமில்லை. மூன்று மொழியிலும் ஒரே தவறுதான், தெரியவரும் நேரம்தான் வேறு.

ஈ0499 (மாற்றுவதற்கு ஒரே நேரத்தில் இரண்டு கடன்), ஈ0597 (கடன் முடியும் முன்பே மதிப்பு சாவது) வந்தால் முதலில் கடனின் ஆயுளைக் குறுக்குங்கள். தேவையான எண்ணை எடுத்துக்கொண்டு ரெஃபரன்ஸை விட்டுவிடுங்கள், அல்லது ஸ்ட்ரக்டைப் பிரித்து அதன் இரு புலங்களைத் தனித்தனியாகக் கடன் வாங்குங்கள். ஈ0106 (ரெஃபரன்ஸின் ஆயுளைச் சொல்லவில்லை) வந்ததும் கண்ணில் படும் இடத்திலெல்லாம், ப்ரோக்ராம் முடியும்வரை வாழும் என்று சொல்லும் ஸ்டாட்டிக் லைஃப்டைம் போட்டு வாயடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். பிழை மறையாது, இரண்டு கோப்பு தள்ளிப் போய் இன்னும் புரியாத வடிவில் வரும்.

சில நேரம் உங்கள் நிரல் உண்மையிலேயே சரி, கம்பைலருக்குத்தான் அது தெரியாது. 2018 டிசம்பரில் ரஸ்ட் 1.31-ஓடு வந்த புதிய கடன் சோதனை நிறைய இடங்களில் தளர்த்தியது. ஆனாலும் மேப்பில் சாவி இருந்தால் அந்த ரெஃபரன்ஸைத் திருப்பு, இல்லையென்றால் சேர்த்துவிட்டுத் திருப்பு என்று நேராக எழுதினால் நிலையான பதிப்பு மறுக்கும். என்ட்ரி முறையைப் பயன்படுத்திக் கடந்துபோங்கள், அங்கே நின்று வாதாட வேண்டாம்.

கடைசிப் புகலிடமாக ஆர்சிக்குள் ரெஃப்செல் வைக்கும் வழக்கம் இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் சோதனை ரன்டைமுக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்பதை மறக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேர் மாற்றக் கேட்டால் ப்ரோக்ராம் பேனிக் ஆகி விழும். கிராஃப், மரம் போன்ற அமைப்புகளுக்கு ஒரே வெக்டரில் எல்லாக் கணுக்களையும் வைத்து எண் குறியீட்டால் இணைப்பதே எனக்குப் பிடித்த வழி. அதிலும் ஒரு ஓட்டை உண்டு: நீக்கிய கணுவின் இடத்தில் வேறொன்று உட்கார்ந்தால் பழைய எண் தவறான ஆளைக் காட்டும். எண்ணோடு ஒரு தலைமுறை எண்ணையும் சேர்த்து வைத்தால் பிடிபடும்.

அறிகுறி: கம்பைல் ஆனது, ஆனாலும் ஓடும்போது விழுகிறது

சோதனை எங்கே முடிகிறதோ அந்த எல்லையைத் தேடுங்கள். டைப்ஸ்கிரிப்டில் அந்த எல்லை ஜேசன் பார்ஸ். அது எனி என்ற வகையைத் தருகிறது, நீங்கள் அதை யூசர் என்று அழைத்தால் கம்பைலர் தலையாட்டும். ஓடும்போது வகைகளே இருக்காது. உள்ளே வரும் இடத்தில் ஸ்கீமா கொண்டு சரிபார்த்துவிடுங்கள். ஜாவாவில் ஜெனரிக் வகைகள் கம்பைல் ஆனதும் அழிக்கப்படுவதால், அன்செக்டு எச்சரிக்கையை அடக்கிய வரியிலிருந்து வெகுதூரம் தள்ளி கிளாஸ் காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். கோ மொழியில் நில் (வெற்று) பாயிண்டரை இன்டர்ஃபேஸுக்குள் போட்டால் அந்த இன்டர்ஃபேஸ் நில் அல்ல. எரர் திருப்பும் செயல்பாடுகளில் நேராக நில் என்றே எழுதித் திருப்புங்கள்.

ரஸ்டில், பிழை வந்தால் ப்ரோக்ராமையே விழவைக்கும் அன்ராப் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் சேவை உலகமெங்கும் தடுமாறியபோது, டேட்டாபேஸ் அனுமதி மாற்றம் ஒன்றால் வழக்கத்தைவிடப் பெரிதாகிப்போன கோப்பைப் படித்த ரஸ்ட் நிரலில் ஒரு அன்ராப் பேனிக் ஆனது. இது நடக்கலாம் என்று கம்பைலர் அந்த இடத்தில் ரிசல்ட் வகை மூலம் சொல்லித்தான் இருந்தது.

அறிகுறி: கம்பைல் முடியக் காத்திருந்தே நாள் போகிறது

ரஸ்டில் எழுதும்போது கார்கோ செக் போதும், அது இயந்திரக் குறியீடு உருவாக்கும் கட்டத்தையே தவிர்க்கிறது. கார்கோ பில்டுக்கு டைமிங்ஸ் தேர்வு கொடுத்தால் எந்தக் கிரேட் (ரஸ்ட் தொகுப்பு) எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று படமாகவே வரும். நேரம் கடைசி இணைப்பில் போகிறதென்றால் லிங்கரை மாற்றுங்கள், ரஸ்ட் 1.90 முதல் 64-பிட் இன்டெல், ஏஎம்டி லினக்ஸில் எல்எல்டி என்ற வேகமான லிங்கர் தானாகவே வருகிறது. டைப்ஸ்கிரிப்டில், வகை அறிவிப்புக் கோப்புகளின் சோதனையைத் தவிர்க்கும் ஸ்கிப்லிப்செக் பெரிய நிவாரணம்.

அறிகுறி: "ரஸ்டில் மாற்றி எழுதிவிடலாம்" என்று குழுவில் ஒருவர் சொல்கிறார்

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம். டிஸ்கார்ட் கதையைக் காட்டுவார்கள். பதிலுக்கு 2025 மார்ச்சில் வந்த டைப்ஸ்கிரிப்ட் அறிவிப்பைக் காட்டுங்கள். டைப்ஸ்கிரிப்டின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் குழு தங்கள் கம்பைலரை வேறு மொழிக்குப் பெயர்த்தபோது எடுத்துக்கொண்டது கோ. விஎஸ் கோட் எடிட்டரின் மொத்த நிரலையும் சோதிக்க 77.8 விநாடி ஆனது 7.5 விநாடிக்கு இறங்கியது, ஜிசியோடுதான். அந்தக் கம்பைலரின் தரவமைப்பில் பெற்றோர் பிள்ளையைக் காட்டும், பிள்ளை பெற்றோரைக் காட்டும், எங்கும் சுழற்சி. ரஸ்டுக்குக் கொண்டுபோனால் பெயர்ப்பு என்ற நிலை மாறி அடியிலிருந்து புதிய வடிவமைப்பாகியிருக்கும். அதோடு, கம்பைலர் ஓடி முடிந்ததும் ப்ராசஸே போய்விடும், பெரும்பாலும் கூட்டக்கூட வேண்டியதில்லை. டிஸ்கார்டின் கேஷோ நாள் கணக்கில் உயிரோடிருப்பது, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே சொந்தக்காரர்.

உங்கள் சர்வீஸின் முக்கிய தரவுகளைப் பலகையில் வரைந்து, யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று அம்புக்குறி போடுங்கள். அம்புகள் ஒரே திசையில் போய், தரவு நீண்ட நாள் வாழ்வதாக இருந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும் வெளியே எடுத்து ரஸ்டில் எழுதிப் பார்க்கலாம். அம்புகள் சுற்றிச் சுற்றி வந்தால் இருக்கும் மொழியிலேயே ஹீப்பைக் கூட்டி, மேலே சொன்ன கசிவுகளைத் தேடுவதுதான் மலிவு. அந்தப் படத்தை வரையவே முடியவில்லை என்றால் ஹீப் டம்பிலிருந்து தொடங்குங்கள், அது வரைந்து காட்டும்.